இளைத்த பிஸ்கட்

இந்த வருஷம் 6 சதவீதச் சம்பள உயர்வு. விலைவாசியும் அதே 6 ஏறினால், ஆபீஸில் நான் கொடுத்த ஸ்வீட் பாக்ஸ்தான் நிகர நஷ்டம். ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதமாம், கூடக்குறைய 2 போகலாமாம். தக்காளிக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் மட்டும் விலை ஏறவில்லை, உள்ளே பிஸ்கட் இளைத்துவிட்டது. என் சம்பளமும் அந்த ஜாதிதான்.

டெபாசிட்டில் போடலாம். 7 சதவீத வட்டியில் 20 சதவீத வரி போனால் மிச்சம் 5.6. பணத்தைப் பத்திரமாகக் கரைக்க அருமையான இடம். பி.பி.எஃப். வட்டிக்கு வரியில்லை; முதிர்வதற்கு 15 வருஷம். "அப்பவே ரெண்டு பவுன் எடுத்துப் போடச் சொன்னேன், கேட்டீங்களா மாப்பிள்ளை?" என்கிறார் மாமியார். அப்போது நான் வாங்கியது டிவி.