மெம்பர் ஆகப்போகிறவர்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் ஒருவர் திடீரென்று எல்லா எழவுக்கும் முதல் ஆளாய் வந்து நின்றால், பஞ்சாயத்துத் தேர்தல் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். போன வருஷம் வரை தலையைக் காட்டிவிட்டு டீக்கடைக்கு நழுவியவர், இப்போது பந்தலுக்குச் சொல்வதிலிருந்து வாடகை நாற்காலியை எண்ணித் திருப்பிக் கொடுப்பது வரை கூடவே இருக்கிறார். 'நீங்க கொஞ்சம் வீட்டுக்குப் போய்ப் படுங்கண்ணா' என்று எழவு வீட்டுக்காரரே கெஞ்ச வேண்டிவருகிறது.

கட்சியில் சீட்டுக் கேட்டவர்தான். இடதும் வலதும் ஒரே பதில்: பார்க்கலாம். ஜெயிக்கிற வார்டுக்கு அவர்களிடமே ஆள் உண்டு. தோற்கிற வார்டை வாங்கிக்கொள்ள இவருக்கு மனமில்லை. ஆகவே சுயேச்சை. 2025 டிசம்பர் தேர்தலில் டெபாசிட் 2,000 ரூபாய், செலவு உச்சவரம்பு 25,000. இருட்டிய பிறகு 'பிரசாரத்துக்கு' வந்து சேரும் தொண்டர்களின் தாகத்தை இதில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தேர்தல் கமிஷன் சொல்லவில்லை. சித்தூர்க் கள்ளு வெளி மாவட்டங்களுக்கெல்லாம் போகிற பூமி இது.

மனுத்தாக்கலுக்குப் பெருங்கூட்டம். பெரியப்பா வகையறா, மச்சான்கள், மச்சான்களின் கூட்டாளிகள். எதிர்முகாமே கொஞ்சம் ஆடிப்போனது. பிறகுதான் ஒருவர் வேன்களின் நம்பரைப் பார்த்தார். எல்லாம் பொள்ளாச்சி வண்டி. ஒருத்தருக்கும் இங்கே ஓட்டுக் கிடையாது.

வீடு வீடாகப் போகும்போதுதான் சொந்த ஊரில் நிற்பதன் கஷ்டம் தெரியும். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம் அச்சடித்த நோட்டீஸைக் கும்பிட்டபடி நீட்டுகிறார். படம் கல்யாணத்தன்று எடுத்தது. அத்தை முறையாகும் கிழவி கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்க்கிறாள்.

'இதாரு, உன்ற தம்பியா?'

'நாந்தானுங்க அத்தை.'

'நீயா! எங்கூட்டுக் கடப்பாரைய வாங்கீட்டுப் போனியே, அதைக் கொண்டாந்து குடுத்துட்டு ஓட்டுக் கேளு.'

அவர் அசரவில்லை. ஆளியாற்றுத் தண்ணீருக்குத் தாவுகிறார். மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு வந்தாக வேண்டும், ஒப்பந்தம் இருக்கிறது, நான் மெம்பரானால் விடமாட்டேன் என்கிறார். இரண்டு மாநில முதல்வர்கள் பேசவேண்டிய விஷயம். கிழவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'அது கெடக்குது சாமி, இந்தப் போஸ்ட்டுல லைட் எரியறதில்ல' என்கிறாள். லைட்டுக்கு அவரிடம் பதில் இல்லை.

வாக்குச்சாவடியில் மூன்று மெஷின் இருக்கும். வெள்ளை லேபிள் கிராமப் பஞ்சாயத்துக்கு, இளஞ்சிவப்பு பிளாக்குக்கு, நீலம் மாவட்டத்துக்கு. தமிழர் வார்டுகளில் பெயர் தமிழிலும் இருக்கும். 'வெள்ளையில மட்டும் நம்மளுக்குப் போடுங்க, மத்த ரெண்டும் உங்க இஷ்டம்' என்கிறார் பெருந்தன்மையாக. இரண்டு அணிகளுக்கும் ஒரே நேரத்தில் உதவி செய்கிற ஒரே வேட்பாளர் அவர்தான்.

சுயேச்சை ஜெயிக்க முடியுமா என்று யாராவது சந்தேகப்பட்டால் மூணாறைக் காட்டுவார். 2015 செப்டம்பரில் போனஸுக்காகப் போராடிய தேயிலைத் தோட்டப் பெண்கள், யூனியன்காரர்களையே ஓரங்கட்டிவிட்டு, நவம்பரில் 'பொம்பிளை ஒருமை' என்று தேர்தலில் நின்றார்கள். அவர்களில் ஒருவரான கோமதி நல்லதண்ணி டிவிஷனில் ஜெயித்துத் தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்கே போனார். 'கட்சியா பெரிசு?' என்று இவர் கேட்க, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சொன்னார்: 'அவங்க நாள்கணக்கா ரோட்டுல உக்காந்தாங்கண்ணா. நீங்க எங்கடையிலதானே உக்காந்திருக்கீங்க.' அதே நல்லதண்ணியில் 2025-இல் பிஜேபிக்காக நின்றவர் பெயர் சோனியா காந்தி. பெயரும் கைகொடுக்கவில்லை, தோற்றார். தேயிலைத் தோட்ட லயத்து ஜனங்களை அவ்வளவு லேசாக எடைபோட முடியாது.

முடிவு வந்தது. சொந்த பூத்தில் இவருக்கு விழுந்த ஓட்டு, இவர் வீட்டில் சாப்பிட்ட தொண்டர்களைவிடக் குறைவு. சட்டசபைக்கு நின்று தோற்றவர் 'மக்கள் தீர்ப்பு' என்று சொல்லித் தப்பிக்கலாம். வார்டில் தோற்றவருக்கு அந்த மக்கள் யார் யார் என்று வீட்டுப்பேரோடு தெரியும். மறுநாள் அத்தனை பேரும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். 'எங்கூட்டு ஓட்டு முச்சூடும் உங்களுக்குத்தானுங்க' என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்தார்கள். எல்லாச் சத்தியத்தையும் கூட்டிப் பார்த்தால் அவர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறார்.

இதற்குள் அடுத்த கணக்கும் போட்டாயிற்று. கேரளத்தில் 2010 முதல் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு, வார்டு சுழலும். இந்தமுறை பொது என்றால் அடுத்தமுறை பெரும்பாலும் பெண்கள் வார்டு. வீட்டம்மா குடும்பஸ்ரீ அயல்கூட்டம் என்கிற பெண்கள் குழுவில் லோன் கணக்குப் பார்க்கிறவர். ஊரில் யாருக்கு என்ன தேவை என்று அவருக்குத்தான் தெரியும்.

'நிக்கறேனுங்க' என்றார் உடனே. 'ஆனா ஓட்டு முடியற மட்டும் நீங்க பொள்ளாச்சில பெரியப்பா வீட்டுல இருந்துக்கங்க. எலெக்‌ஷனன்னிக்கி மட்டும் வந்து, வெள்ளையில எனக்குப் போட்டுட்டுப் போனாப் போதும்.'