காக்காவைப் பிடித்தோம், கிருமியை விட்டோம்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையப் பக்கம் பொழுது சாய்ந்தபின் ஒரு சுற்று வந்தால் தெரியும், நம் மாவட்டத்தில் கால்நடை நிபுணர்களுக்குப் பஞ்சமே இல்லை. சிக்கன் ரைஸில் கிடக்கும் எலும்பைத் தூக்கிப் பார்த்து, "இது கோழி இல்லப்பா, காக்கா" என்று தீர்ப்பு எழுதுவார்கள். தீர்ப்பு சொன்ன கையோடு அதே எலும்பைக் கடித்துச் சக்கையாக்கிவிட்டு, "இன்னொரு ஆஃப் பிளேட் போடு" என்பார்கள். 2002-இல் 'ரன்' படத்தில் விவேக் காக்கா பிரியாணி சாப்பிட்டார். சிரிக்க எடுத்த காட்சியை நாம் பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டோம்.

2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து ரயிலில் வந்த கறி எழும்பூரில் பிடிபட்டது. வால் நீளமாக இருந்தது. போதாதா? நாய்க்கறி, நாய்க்கறி என்று தமிழ்நாடே குரைத்தது. கால்நடை மருத்துவக் கல்லூரி சோதித்துப் பார்த்து, ஆட்டுக்கறிதான் என்றது. உடனே எல்லோருக்கும் நிம்மதி, பெரிய ஏப்பம். அந்த ஆட்டை எப்போது அறுத்தார்கள், ராஜஸ்தானிலிருந்து சென்னை வரை என்ன குளிரில் வந்தது, எந்தக் கால்நடை மருத்துவர் பார்த்தார் என்று கேட்க நாதியில்லை. நாய் இல்லையென்றால் நல்ல கறி. அவ்வளவுதான் நம் தரக் கட்டுப்பாடு.

அடுத்த புராணம், பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி. பண்ணையில் ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டால் பண்ணைக்காரர் ஒரே மாதத்தில் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடுவார். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஏறுவது இனத்தேர்வாலும் தீவனத்தாலும். பயப்பட வேண்டியது ஆன்டிபயாடிக்கைப் பார்த்து. 2014-இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லி வட்டாரத்தில் சோதித்த 70 கோழிக்கறி மாதிரிகளில் 40 சதவீதத்தில் அதன் எச்சம் இருந்தது. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழித் தீவனத்தில் கலக்க 2019-இல்தான் தடை வந்தது. இதை எந்த டீக்கடையிலும் பேசுவதில்லை. கொலிஸ்டின் வாயில் நுழையாது, காக்கா நுழையும்.

2022 மே மாதம் காசர்கோடு செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயதுப் பெண் இறந்தாள். ஆய்வில் சிக்கியது ஷிகெல்லா என்ற பாக்டீரியா. அதற்கு வாலும் இல்லை, சிறகும் இல்லை. 2023 செப்டம்பரில், நமக்குச் சேலத்தைத் தாண்டினால் வரும் நாமக்கல்லில், ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். 40-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். கோழிக்கும் முட்டைக்கும் பேர்போன ஊரில் காக்காவுக்கு என்ன வேலை?

ஷவர்மா சுழலும் அந்தக் கம்பியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். வெளியே கருகும், ஒரு விரற்கடை உள்ளே பச்சை. கூட்டம் சேர்ந்தால் வேகும்வரை கத்தி பொறுக்காது. கூட்டம் கலைந்தால் அடுப்பைத் தணிப்பார்கள். அந்த வெதுவெதுப்பில் கிருமி குடும்பம் நடத்தும். கடை சாத்தும்போது மீதிக் கறி ஃப்ரிட்ஜுக்குள். கரண்ட் பில்லுக்குப் பயந்து பிளக் வெளியே. காலையில் கதவடியில் தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிட்டால் சரக்கு ஃப்ரெஷ். கறி 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையேல் 60 டிகிரிக்கு மேலே. சட்டம் இவ்வளவு எளிது. அதனால்தான் யாருக்கும் சுவாரசியமில்லை.

ஷவர்மாவில் தடவும் பச்சை முட்டை மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியில் தடை செய்தது. நம் அரசு 2025 ஏப்ரலில் தடை செய்தது, அதுவும் ஓராண்டுக்கு. கேரள எல்லையிலுள்ள வாளையாறு சோதனைச் சாவடியைத் தாண்டி வர ஒரு கோப்புக்கு இரண்டு வருஷம்.

காக்கா வதந்திக்கு ஆள் பார்க்கத் தெரியும். பாய் கடை பிரியாணி, வடக்கத்திப் பையனின் மோமோ, தள்ளுவண்டி என்று தேடிப்போய்க் கடிக்கும். ஏசி போட்ட கடையின் வாளிச் சிக்கன் பக்கம் போகாது. இதற்குப் பெயர் சுகாதாரக் கவலையாம்!

சாராயத்திலும் நமக்கு இதே ஞானம்தான். கல்வராயன் மலைச் சரக்கில் பல்லி போடுகிறார்கள், பேட்டரி போடுகிறார்கள் என்று காலமெல்லாம் பேசினோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயம் குடித்த 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால், தொழிற்சாலை ரசாயனம். விற்றது காட்டுக்குள் அல்ல, ஊர் நடுவில். பிறகு வந்தது பாருங்கள் சுறுசுறுப்பு! ஆட்சியர் மாற்றம், எஸ்.பி. சஸ்பெண்ட், ஒரு நபர் ஆணையம், குடும்பத்துக்கு 10 லட்சம். மலையேறிப் போய் ஊறல்களைக் கொட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். மெத்தனால் மலையில் ஊறுவதில்லை என்பதை யார் யாருக்குச் சொல்வது?

பிணம் விழுந்தபின் மாதிரி எடுப்பது அரசின் வழக்கம். அதுவரை காக்காவைப் பற்றிப் பேசுவது நம் வழக்கம். இருவருக்கும் இதைவிடப் பொருத்தமான ஜோடி அமையாது. கடைக்காரரிடம் என்ன கறி என்று கேட்டது போதும். எப்போது வெட்டியது, எங்கே வைத்திருந்தது என்று கேளுங்கள். அப்படியே உணவுப் பாதுகாப்பு அதிகாரியையும் கேளுங்கள்: ஐயா, இந்தக் கடைக்குக் கடைசியாக எப்போது வந்தீர்கள்? போகும்போது கையில் இருந்தது தெர்மாமீட்டரா, கவரா?