வெளியே கொட்டில், உள்ளே கடன்

யாழ்ப்பாணத்தில் ஒருவன் வீடு கட்டினால் அது தெருவில் போகிறவன் கண்ணைக் குத்தவேண்டும். குத்தாவிட்டால் அது வீடல்ல, வெறும் செலவு. இந்த நியாயத்தில் வளர்ந்த என்னைச் சுவிற்சர்லாந்துச் சட்டம் நன்றாகப் பழிவாங்கியது.

2012 மார்ச் 11 அன்று சுவிஸ் மக்கள் வாக்களித்து, எந்த ஊரிலும் இரண்டாம் வீடுகள் நூற்றுக்கு 20ஐத் தாண்டக்கூடாது என்று முடிவு கட்டினார்கள். ஆல்ப்ஸ் கிராமங்கள் பல அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருந்தன. ஆகவே அங்கே புதிதாக விடுமுறை வீடு கட்டும் ஆசைக்குப் பூட்டு. ஒரு சின்னச் சந்து மட்டும் விட்டுவைத்தார்கள். ஊரின் முகத்துக்கு அடையாளமாக நிற்கும் பழைய கட்டடத்தை வேறு வழியில் காப்பாற்ற முடியாதென்றால் வீடாக்கிக்கொள்ளலாம். வெளித்தோற்றம் மட்டும் மாறக்கூடாது. அதாவது காசைக் கொட்டலாம், கொட்டியது தெரியக்கூடாது. அந்தச் சந்துக்குள் தலையை நுழைத்தவன் நான்.

இடம் வலே மாநிலத்தின் மேல்கோடி, கோம்ஸ் பள்ளத்தாக்கு. பனியாற்றை விட்டுப் புறப்படும் ரோன் நதி நடை பழகும் இடம். ஹோட்டல் உலகின் ராசா செசார் ரிட்ஸ் 1850இல் பிறந்தது இங்கே, நீடர்வால்ட் கிராமத்துக் குடியானவர் ஒருவருக்கு 13ஆவது பிள்ளையாக. அவர் ஊரை விட்டுப் போய், பாரிஸில் பணக்காரர்களுக்குக் குளியலறை வைத்துக் கொடுத்துப் புகழ் பெற்றார். ஹோட்டல் குசினிகளிலேயே வெந்து முடிந்த நான் எதிர்த்திசையில் வந்து, மாடு நின்ற இடத்தில் ஒரு குளியலறை வைக்க அனுமதி கேட்டு வரிசையில் நின்றேன்.

என் கொட்டிலில் கீழே கல்லாலான தொழுவம். மேலே லார்ச் மரக்கட்டைகளை மூலைக்கு மூலை கவ்வவிட்டு அடுக்கிய புற்பரண். வெயில் குடித்துக் குடித்து மரம் பழைய கரிச்சட்டிபோலக் கறுத்திருந்தது. கட்டைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. புல் பூஞ்சணம் பிடிக்காமல் காயட்டும் என்று அந்தக் காலத்துக் கிழவர்கள் விட்டது. ஆர்க்கிடெக்ட் அம்மா அந்தச் சுவருக்கு உள்ளே இன்னொரு சுவர் எழுப்பினார். கம்பளி மொத்தத்துக்கு மரநார்த் தட்டி, அதன்மேல் நீராவி தாண்டாத தாள், ஒவ்வொரு பொருத்துக்கும் நாடா. வீட்டுக்குள்ளிருக்கும் ஈரச்சூடு குளிர்ந்த மரத்தைத் தொட்டால் தண்ணீராகி மரத்தை உளுத்துவிடுமாம். பிறகு வாசலில் ஒரு பெரிய காற்றாடியைப் பூட்டி, உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி, எங்கே ஒழுகுகிறது என்று தேடினார்கள். ஒழுகவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"நல்லது. இனி நீங்கள் மூச்சுவிட ஒரு இயந்திரம் வேண்டும்" என்றார் அம்மையார்.

கிழவர்கள் இலவசமாக விட்ட காற்றைக் காசு கொடுத்து அடைத்தேன். அதே காற்றை மறுபடி காசு கொடுத்து உள்ளே அழைத்தேன். அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சி, கரி வடிகட்டியில் கழுவி, வீட்டுக்குள்ளேயே திருப்பி விடும் பெட்டி. ஐரோப்பியச் சமையலுக்கு அது போதும். மனிசி கருவாடு பொரித்த அன்று, காற்றோட்ட இயந்திரம் பாகுபாடில்லாமல் எல்லா அறைக்கும் கருவாட்டைப் பகிர்ந்து கொடுத்தது.

நடுவில் வௌவால். முகட்டில் குடியிருந்தது. சுவிஸில் எல்லா வௌவால் இனங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. கோடையில் அவை குட்டி வளர்ப்பதால் கூரையைத் தொடக்கூடாது. மாரியில் பனி மூடிவிடுவதால் தொடமுடியாது. மிஞ்சியது செப்டெம்பர். வலேக்காரருக்குச் செப்டெம்பர் என்றால் மான் வேட்டை. கூரைவேலைக்காரர் துவக்கோடு மலையேறிவிட்டார். என் மகள் பிறந்தபோது இந்த நாட்டில் தகப்பன்மாருக்குச் சட்டப்படி ஒரு நாள் விடுமுறையும் கிடையாது. இரண்டு கிழமை வந்ததே 2021இல்தான். வௌவாலுக்கு ஒரு கோடை முழுக்கப் பிரசவ விடுமுறை, என் செலவில்.

சன்னல் வெட்டவும் தடை. ஆகவே பழைய பலகை இடுக்குகளுக்குப் பின்னால் மூன்றடுக்குக் கண்ணாடி. பள்ளத்தாக்கின் கோடியில் வைஸ்ஹோர்ன் சிகரம், 4,506 மீட்டர், கோடு கோடாகத் தெரிகிறது. முழுதாகப் பார்க்க ஆசையென்றால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போகவேண்டும்.

குடிபூரலுக்குப் பாரிஸிலிருந்து பெரியம்மா வந்திறங்கினார். பட்டுச்சேலையோடு புல்லில் நின்று, கறுத்த மரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"கொப்பர் மாட்டுக்கொட்டிலை இடிச்சுப்போட்டுக் கல்வீடு கட்டினவர். நீ கொட்டிலுக்கே காசு குடுத்திருக்கிறாய். மாடு எங்கை மோனை?"

உள்ளே கூட்டிப்போய், தரைக்குக் கீழே ஓடும் வெந்நீர்க் குழாய், வெப்பப் பம்பி, ஓசையில்லாத அலமாரி எல்லாம் காட்டினேன். படமெடுத்துச் சொந்தக்காரருக்கு அனுப்பச் சொன்னேன். அவர் வாசலில் நின்று எடுத்து அனுப்பினார். லண்டன் மச்சான் உடனே போன் எடுத்தார்: "காசுக்கு ஏதும் கஷ்டமெண்டால் சொல்லுங்கோ, கூச்சப்படாதேங்கோ."

பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. பக்கத்துக் கிராமத்து விவசாயி, தொப்பியைக் கையில் பிடித்தபடி. இந்தக் கொட்டில் யாருடையது என்று தெரியாமல் இருந்ததாம், ஆட்களைக் கண்டதும் ஓடிவந்தாராம். சும்மாதானே கிடக்கிறது, மாரிக்குப் புல் அடுக்க வாடகைக்குத் தருவீர்களா?

நான் வாயைத் திறப்பதற்குள் குசினியிலிருந்து குரல் வந்தது:

"இஞ்சாருங்கோ, மாசம் எவ்வளவு தருவாராம்?"