எம்டன் வைத்துவிட்டுப் போன பாடம்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இத்தாலியத்தையும் ரஷ்ய மொழியையும் சேர்த்துப் படிக்கப் போகிறாளாம் என் மகள். குழம்பிப் போக மாட்டாளா ஐயா?
– ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், சந்தையில் ஹொக்கியன் என்று வளர்ந்த பிள்ளையா குழம்பும்? இத்தாலியத்தோடு ஸ்பானியத்தைச் சேர்த்தால் பயப்படலாம். அவை அக்கா தங்கை, ஆளை மாற்றிக் கூப்பிட்டுவிடுவோம். ரஷ்ய மொழிக்கு முகமே வேறு. அதில் 33 எழுத்து, ஆறு வேற்றுமை. 247 எழுத்தையும் எட்டு வேற்றுமையையும் தாண்டி வந்தவளுக்கு அது தள்ளுபடி விலை!

ரஷ்யப் பயிற்சிக்கு ஊரிலேயே இடமுண்டு. வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் ‘ஜெம்சுக்’ என்ற ரஷ்யப் போர்க்கப்பல் மாலுமிகளின் நினைவுச்சின்னம் இருக்கிறது, எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். சென்னையில் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்தான், 1914 அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ஜெம்சுக்கை மூழ்கடித்தது. அந்நேரம் ஜெம்சுக்கின் தலைவர் கரையில் இருந்தார். (வேலை நேரத்தில் வெளியே போகிறவர்கள் கவனிக்க.)

இத்தாலியத்துக்கு எமிலியோ சல்காரி இருக்கிறார். ‘மலேசியப் புலி’ சந்தோக்கானை வைத்துக் கதை கதையாக எழுதித் தள்ளிய அவர், இந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. எங்கெங்கே சறுக்கினார் என்று மகள் படித்துச் சொன்னால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.