எருமைக்கு வழிவிடுக

ஜப்பானின் தென்மேற்கு ஓரத்தில், ஒகினாவா முதன்மைத் தீவைவிடத் தைவானுக்கு நெருக்கமாகக் கிடக்கிறது தாகெதோமி. பவளப் பாறையாலான இந்தத் தீவின் பரப்பு சுமார் 5.4 சதுர கிலோமீட்டர், சுற்றளவு 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மலை கிடையாது, ஆறு கிடையாது. மக்கள் ஏறத்தாழ 350 பேர். கணக்குப் போட்டால், சுமாராகச் சைக்கிள் மிதிப்பவர்கூட ஒரு மணி நேரத்துக்குள் சுற்றி வந்துவிடலாம். நடைமுறையில் பாதி நாள் ஆகிறது. அவசரக்காரர்களை அலைக்கழிக்கவென்றே இத்தீவு அமைந்திருக்கிறதோ என்ற சந்தேகத்துக்கு இடமுண்டு.

இஷிகாகித் தீவிலிருந்து படகில் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வாடகை சைக்கிள் கடைக்காரர்களின் வேன் துறைமுகத்தில் நிற்கும். கிடைப்பது முன்பக்கம் கூடை வைத்த, குடும்பத் தலைவிகள் காய்கறி வாங்கப் போகும் ரகம். பந்தயக் கனவோடு வந்தவர்கள் அந்தக் கனவைக் கூடையில் போட்டுக்கொள்ளலாம்.

ஊர் தீவின் நடுவில் இருக்கிறது. சிவப்பு ஓட்டு வீடுகள், ஓட்டின்மேல் பல்லைக் காட்டும் மண் சிங்கங்கள், சாந்து பூசாமல் அடுக்கிய பவளக்கல் சுவர்கள். 1987 முதல் இது அரசின் பாதுகாப்புக்குட்பட்ட மரபுக் குடியிருப்பு. தெருக்களில் தார் இல்லை, வெள்ளைப் பவள மணல்தான். இரவில் ஹாபு என்ற விஷப்பாம்பு குறுக்கே கிடந்தால் நிலவொளியில் தெரியட்டும் என்பதற்காக மணல் பரப்பினார்கள் என்று சொல்வதுண்டு. பாம்புக்கு எதிரான அந்த ஏற்பாடு சைக்கிளுக்கும் எதிராகவே வேலை செய்கிறது. முன்சக்கரம் ஒரு பக்கம் போக, ஓட்டுபவர் மறுபக்கம் போக நேரிடும். போதாக்குறைக்கு, காலையில் ஊர்க்காரர்கள் தெருவைப் பெருக்கிக் கோலமிடாத வாசல்போல் வைத்திருப்பார்கள். சைக்கிளில் வந்தவர் எங்கே தடுமாறினார், எங்கே காலை ஊன்றினார், எந்த முனையில் திரும்பி வந்தார் என்பதெல்லாம் அதில் எழுத்துப் பிசகாமல் பதிவாகும்.

தெருக்கள் நேராகவும் ஓடுவதில்லை. பேய்க்கு நேராகத்தான் போகத் தெரியும் என்ற நம்பிக்கையில் வளைத்துப் போட்டவை அவை. வாசலுக்குள்ளும் ஒரு குறுக்குச் சுவர் உண்டு. பேய்கள் என்னவாயின என்பதற்குப் பதிவு இல்லை. சுற்றுலாப் பயணிகள் வழி தவறுவது மட்டும் உறுதி.

இந்தச் சந்துகளில் எதிரே எருமை வண்டி வந்தால், இறங்கிச் சுவரோரம் ஒண்டுவதே முறை. வண்டிக்காரர் சான்ஷின் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டிப் பாடிக்கொண்டிருப்பார். வழியைக் கவனிப்பது எருமையின் பொறுப்பு. பின்சக்கரம் சுவரில் உரசாதபடி அகலமாகச் சுற்றித் திரும்ப அதற்குத் தெரியும். வாடகை சைக்கிளில் வந்தவருக்கு அது தெரிவதில்லை. பின்னாலிருந்து எத்தனை முறை மணி அடித்தாலும் எருமைமாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

தீவின் சிகரம் என்று கொள்ளத்தக்கது ஊர் நடுவே ஒரு சிறு மேடும், அதன்மேல் 1953இல் கட்டிய நாகோமி கோபுரமும். கோபுரத்தின் உயரம் 4.5 மீட்டர். பழசாகிவிட்டதால் 2016 முதல் ஏற அனுமதி இல்லை. ஆக, தீவில் இருந்த ஒரே ஏற்றமும் போயிற்று.

ஊரைத் தாண்டி மேற்கே இறங்கினால் பழைய படகுத்துறை. தாகெதோமியில் நெல் விளையத் தண்ணீர் போதாது. அதனால் முன்னோர்கள் கடல் கடந்து இரியோமொத்தே தீவுக்குப் போய்ப் பயிரிட்டார்கள். வயலுக்குப் படகில் போனவர்களின் ஊரில் ஒன்பது கிலோமீட்டரைப் பெரிய பயணமாகப் பேசுவது கொஞ்சம் கூச்சம் தரக்கூடியதே.

தெற்கே கோந்தோய் கடற்கரை. கடல் வற்றும் நேரத்தில் எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. நீச்சல் தெரியாதவரும் நடுக்கடலில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். அடுத்துள்ள காய்ஜி கடற்கரையில் நீரோட்டம் வலுவானது, குளிக்கத் தடை. அங்கே மணலில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தால், நட்சத்திர வடிவத் துகள்கள் ஓரிரண்டு ஒட்டியிருக்கும். ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் உயிரிகளின் ஓடுகள் அவை. நட்சத்திரங்கள் கடலில் பெற்ற பிள்ளைகளைப் பாம்பு விழுங்கித் துப்பிய எலும்புகள் என்பது உள்ளூர்க் கதை. இரண்டு விளக்கங்களில் எதை நம்பினாலும், குனிந்து தேடி வரும் முதுகுவலி ஒன்றே. சைக்கிள் பயணத்தின் கடுமையான உடற்பயிற்சியும் இதுதான்.

கிழக்குப் பக்கம் சொல்ல அதிகமில்லை: புதர், மேய்ச்சல் நிலம், மாடுகள். பிறகு கடையில் சைக்கிளை ஒப்படைத்துவிட்டு, வேனில் துறைமுகம். கடைசிப் படகு மாலையிலேயே கிளம்பிவிடும் என்பதால் நேரத்தை வந்திறங்கும்போதே கேட்டுவைப்பது நல்லது. தீவுவாசி ஒருவர் அவசரமாகப் படகுக்கு நடப்பதைக் கண்டால் வியக்க வேண்டாம். சுற்றுவட்டாரத் தீவுகளைச் சேர்த்து ஆளும் தாகெதோமி நகராட்சியின் அலுவலகம் 1938 முதல் இஷிகாகியில் இருக்கிறது.