ட்ரெயினிங் டீச்சர்

காலை எட்டேகாலுக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில், ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கக்கத்தில் சார்ட் சுருளும் கையில் தெர்மாகோல் இதயமுமாக ஒரு பெண் நிற்பார். யாராவது இடித்தால் முறைக்க மாட்டார். "அண்ணே, இடது வென்ட்ரிக்கிள் பாத்துண்ணே!" என்று கெஞ்சுவார். பி.எட்., உயிரியல். பள்ளிக்கூடத்துப் பாஷையில் 'ட்ரெயினிங் டீச்சர்'.

ஒரு வருஷமாக இருந்த பி.எட்.டை 2015-இல் இரண்டு வருஷமாக்கினார்கள். நீண்டது படிப்பா, ரெக்கார்டு நோட்டா என்று கேட்டால், படம் வரைந்து கொடுக்கும் தம்பிதான் பதில் சொல்ல வேண்டும். தெப்பக்குளம் பக்கத்து ஸ்டேஷனரிக் கடைக்காரரே, "என்னம்மா, போன வாரம் கிட்னி, இந்த வாரம் நுரையீரலா?" என்று உறுப்பு வாரியாக விசாரிக்கிறார்.

கல்லூரியில் 'நுண்ணிலைக் கற்பித்தல்' என்று ஒன்று உண்டு. 1963-இல் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த முறை. ஐந்தாறு நிமிஷப் பாடம். கூடப் படிப்பவர்களே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். இரண்டு பிள்ளை பெற்ற அக்கா எழுந்து கைகட்டி, "தவளைக்கு நாலு கால் மிஸ்" என்பார். உடனே "வெரிகுட்" சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் வலுவூட்டல் திறன். பழக்கம் முற்றி, சரியாகச் சில்லறை கொடுத்த கண்டக்டருக்கும் ஒரு "வெரிகுட்" கிடைத்தது. மனிதர் அன்று முழுக்க உற்சாகமாக விசிலடித்தார்.

வீட்டிலும் விடுமுறை கிடையாது. "சாம்பாருக்கு உப்புப் போட்டியாடி?" என்று அம்மா கேட்டால், "இது வெறும் நினைவுகூர்தல் கேள்விம்மா. ஏன் போடணும்னு கேட்டாத்தான் உயர்நிலை" என்று 1956-ஆம் வருஷத்து ப்ளூம் வகைப்பாட்டைச் சமையலறைக்குள் இழுப்பார். ரங்கா ரங்கா கோபுரம் வரை போய் ஆண்டாள் யானையைப் பார்த்தாலும் ஊரே கும்பிடும்போது இவர் உதடு மட்டும் "முதுகெலும்பி, பாலூட்டி, தாவர உண்ணி" என்று முணுமுணுக்கும்.

படித்தது விலங்கியல். ஆனால் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் ஒரே பாடம். ஓம் விதியும் இவர் தலையில்தான், தாவரங்களும் இவர் தலையில்தான். அப்படித்தான் வாழை வந்து சேர்ந்தது.

கொள்ளிடக்கரைப் பக்கத்துப் பள்ளி. கடைசி பெஞ்சில் மேற்பார்வையாளர். பாடத்திட்டத்தில் 'மாணவர்களின் முன்னறிவு' என்ற கட்டத்தில் அழகாக எழுதியிருந்தார்: 'மாணவர்கள் வாழைப்பழம் சாப்பிட்டிருக்கிறார்கள்.' சார்ட்டை மாட்டி, குச்சியால் மரத்தைத் தொட்டு, "இதுதான் தண்டு" என்றார்.

மூன்றாவது வரிசைப் பையன் எழுந்தான்.

"இல்ல மிஸ், அது மட்டை. ஒண்ணு மேல ஒண்ணா சுத்தியிருக்கு. நெசத் தண்டு மண்ணுக்குள்ள கெடக்குற கெழங்கு. குலை தள்றப்பதான் நடுவால தண்டு மேல ஏறும். பொரியல் பண்றோமே, அது."

"கன்னுலகூட ஈட்டி எலக் கன்னுதான் நடணும் மிஸ். அகல எலயா இருந்தா தேறாது" என்றான் பக்கத்துப் பையன். பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி என்று வகுப்பே தோப்பாகிவிட்டது. விதையே இல்லாத மரம் கன்றால் பெருகும் கதையை, சார்ட்டைத் திரும்பிப் பார்க்காமல் அவர்களே முடித்தும் வைத்தார்கள். மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளர் கேட்டார்: "தம்பி, நல்ல ரஸ்தாளிக் கன்னு எங்க கிடைக்கும்?"

நம் டீச்சர் வாயில் "வெரிகுட்" வந்தது. முதல் தடவையாகத் திறனுக்காக அல்ல, நிஜமாகவே.

அன்று இரவு பாடத்திட்டத்தை எடுத்து, அந்தக் கட்டத்தில் 'மாணவர்கள்' என்ற சொல்லை அடித்துத் திருத்தினார். இப்போது அங்கே இருப்பது:

'ஆசிரியர் வாழைப்பழம் சாப்பிட்டிருக்கிறார்.'