நடக்காததற்கு ஒரு விருது

தொழில்முறை விருதுகளுக்கான பரிந்துரைப் படிவங்கள் பெரும்பாலும் ஏதோ ஒன்றை நடத்திக் காட்டியவர்களை மனத்தில் கொண்டு தயாரிக்கப்பட்டவை. சுற்றுச்சூழல் சட்டமோ ஏதோ ஒன்றை நடக்கவிடாமல் செய்வதையே தன் தலையாய தொழிலாகக் கொண்ட துறை. பாலம் கட்டிய பொறியாளரைப் பரிந்துரைப்பவர் பாலத்தைச் சுட்டிக்காட்டலாம். அறுவை சிகிச்சை செய்த மருத்துவரைப் பரிந்துரைப்பவர், நோயாளி பிழைத்திருக்கும் பட்சத்தில், அவரையே மேடைக்கு அழைத்து வந்துவிடலாம். மலையொன்றில் கல்குவாரி வராமல் தடையாணை பெற்ற வழக்கறிஞரைப் பரிந்துரைக்க முன்வருபவரிடம் சான்றாக எஞ்சியிருப்பது அந்த மலை மட்டுமே. அதுவோ வழக்கறிஞருக்கும் வழக்குக்கும் பல கோடி ஆண்டுகள் முன்பிருந்தே, யாருடைய வாதத்தையும் எதிர்பாராமல், அங்கேயே கிடக்கிறது. 'சாதனையின் புலப்படும் விளைவு' என்று படிவம் ஒதுக்கியிருக்கும் கட்டத்தில் 'முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது' என்று எழுதினால் அது முழு உண்மையாக இருக்கும், விருதுதான் கிடைக்காது.

பரிந்துரைக்கும் உரிமை யாருக்கு என்பதே முதற்சிக்கல். ஒரு குறையை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர யாருக்கு உரிமை உண்டு என்ற கேள்வியைச் சட்டம் 'வழக்காடும் தகுதி' என்று அழைக்கிறது. நேரடியாகப் பாதிக்கப்பட்டவரே வர வேண்டும் என்ற பழைய விதியை 1980-களில் இந்திய உச்ச நீதிமன்றம் தளர்த்தி, பொதுநலனில் அக்கறையுள்ள எவரும் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டதால்தான் பொதுநல வழக்கு என்ற வகையே தழைத்தது. விருதுகளின் உலகில் அக்கதவு வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது. ஸ்வீடனில் 1980-இல் தொடங்கிய ரைட் லைவ்லிஹுட் விருதுக்கு எவரும் எவரையும் பரிந்துரைக்கலாம், தம்மைத் தவிர. தில்லியிலிருந்து இயங்கும் 'லைஃப்' என்ற சுற்றுச்சூழல் வழக்கறிஞர்களின் அமைப்பு 2021-இல் அதைப் பெற்றது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வழங்கப்படும் கோல்ட்மேன் பரிசுக்கு, பரிசு நிறுவனம் தானே தேர்ந்துகொண்ட அமைப்புகளும் வல்லுநர்களும் மட்டும் ஓசையின்றிப் பெயர்களை அனுப்புகிறார்கள். இந்திய அரசின் பத்ம விருதுகளோ மனித இயல்பை நேருக்கு நேர் பார்த்து முடிவெடுத்தவை: அங்கே ஒருவர் தம்மைத் தாமே பரிந்துரைத்துக்கொள்ளலாம், அதற்கான தகுதியுரை 800 சொற்களைத் தாண்டக் கூடாது என்பதே நிபந்தனை. ஒரு மூத்த வழக்கறிஞரிடம் தம்மைப் பற்றி 800 சொற்களோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது, தண்டனைச் சட்டத்தில் இடம்பெறாத கடுந்தண்டனைகளுள் ஒன்று.

மற்ற விருதுகளில் தற்பரிந்துரைக்கு இடமில்லை என்று நம்புவது வெகுளித்தனம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்பது, ஒரு திட்டம் தன்னைச் சுற்றியுள்ள நிலத்தையும் நீரையும் காற்றையும் என்ன பாடுபடுத்தும் என்று முன்கூட்டியே ஆய்ந்து சொல்லும் அறிக்கை. இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி நடக்கும் நடைமுறையில், அதைத் தயாரிக்கும் ஆலோசகரை அமர்த்திக் கட்டணம் கொடுப்பவர் அத்திட்டத்தைக் கொண்டுவருபவரேதான். திருடனையே சாவிக்குப் பொறுப்பாக்குகிற இந்த ஏற்பாட்டைச் சுற்றுச்சூழல் வழக்கறிஞர்கள் மன்றந்தோறும் கண்டித்து வந்திருக்கிறார்கள். அவர்களைப் புகழும் பரிந்துரைக் கடிதமும் இதே முறையில்தான் பிறக்கிறது என்பதை மட்டும் எந்த மன்றமும் விசாரித்ததில்லை. பரிந்துரைக்கப் பொருத்தமான பெரிய மனிதருக்கு நேரம் இருப்பதில்லை. 'நீங்களே ஒரு வரைவு எழுதி அனுப்பிவிடுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்' என்பார். அன்றிரவு, வீட்டில் அனைவரும் உறங்கிய பின், 'தன்னடக்கமே உருவானவர்' என்ற தொடரைப் பரிந்துரைக்கப்படுபவர் தம் விரல்களாலேயே தட்டச்சு செய்து, சற்று யோசித்து, 'அப்பழுக்கற்ற' என்ற அடைமொழியையும் முன்னால் சேர்க்கிறார். இந்தியச் சுரங்கம் ஒன்றின் மதிப்பீட்டு அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கைப் பகுதிகள் அப்படியே ஏறியிருந்ததாக ஒரு காலத்தில் குற்றச்சாட்டு எழுந்து, ரஷ்ய மரங்கள் கொங்கணக் கடற்கரையில் எப்படி முளைத்தன என்று வழக்கறிஞர்கள் கேலி பேசியதுண்டு. சென்ற ஆண்டு ஒரு பெண் வழக்கறிஞருக்காக எழுதிய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி இந்த ஆண்டு ஓர் ஆணுக்கு அனுப்பும்போது, மூன்றாம் பத்தியில் அவர் 'இரு குழந்தைகளின் தாயாகவும்' போராடியிருப்பது அதே ரஷ்ய மரம்தான்.

படிவத்தின் கட்டங்களிலேயே மிகவும் இரக்கமற்றது 'பணி நிறைவுற்ற நாள்' என்பது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில், ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகக் குடும்பத்துக்கு உரிமையாக இருந்த காடுகளில் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு, அக்குடும்பத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளே பொருள் என்று சொன்னதோடு நில்லாமல், நாடெங்கும் மரம் வெட்டுதலையும் மரம் அறுக்கும் ஆலைகளையும் கட்டுக்குள் கொண்டுவந்தது. கூடலூரில் வைத்த புகாரின் எதிரொலி அருணாசலப் பிரதேசத்தில் கேட்டது. நீதிமன்றம் அத்துடன் கோப்பை மூடவுமில்லை. அதிகாரியைத் தன் கடமையைச் செய்யுமாறு பணிக்கும் உத்தரவு செயலுறுத்தும் பேராணை எனப்படும். ஒருமுறை பணித்துவிட்டால் போதாது, பணித்ததைச் செய்தாரா என்று அவ்வப்போது கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று நீதிமன்றம் கருதும்போது அது தொடர் பேராணை ஆகிறது. பிள்ளையைப் பால் வாங்க அனுப்பிவிட்டு வாசலிலேயே காத்து நிற்கும் தாயின் அவநம்பிக்கை இதன் தத்துவ அடிப்படை. மனுதாரர் 2016-இல் காலமானார், மனு காலமாகவில்லை. அதனுள் ஆயிரக்கணக்கான இடைக்கால மனுக்கள் குட்டி போட்டன. இவ்வழக்கில் உழைத்த ஒருவரைப் பரிந்துரைப்பவர் நிறைவு நாளை எப்படி நிரப்புவார்? 'நிறைவுறவில்லை' என்றால் கணினி ஏற்க மறுக்கிறது. வருங்காலத் தேதி எதைக் கொடுத்தாலும் அது நீதிமன்ற அவமதிப்பு அல்லது மூடநம்பிக்கை.

பயனாளிகளின் ஆதரவுக் கடிதங்கள் மூன்று வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. பிலிப்பைன்ஸ் நாட்டில் அந்தோனியோ ஒபோசா என்ற வழக்கறிஞர், குழந்தைகளின் சார்பிலும் இனிப் பிறக்கப்போகும் தலைமுறைகளின் சார்பிலும் காடழிப்புக்கு எதிராக வழக்குத் தொடுக்க, 1993-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அப்படித் தொடுக்கலாம் என்று ஏற்றது. அவர் 2009-இல் மகசேசே விருதும் பெற்றார். பிறவாதவர்கள் மனுதாரர்களாக இருக்கலாம், ஆனால் கடிதத்தில் கையெழுத்திட அவர்களால் ஆகாது. ஆறுகளைக் கேட்கலாமா என்றால் அதற்கும் காலநேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. கோயில் தெய்வத்துக்கும் நிறுவனத்துக்கும் இருப்பதுபோல உரிமையும் கடமையும் தாங்கும் தகுதியைச் சட்டம் 'சட்டப்படியான நபர்' என்று சொல்கிறது. 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கைக்கும் யமுனைக்கும் அத்தகுதியை வழங்கியது, வெள்ளம் வந்தால் ஆற்றின் மேல் இழப்பீட்டு வழக்குப் போடுவார்களா என்று மாநில அரசே கலங்கி மேல்முறையீடு செய்ய, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. கங்கை நபராக இருந்த அந்த மூன்றரை மாதத்துக்குள் ஓர் ஆதரவுக் கடிதம் வாங்கிவைத்துக்கொள்ளும் முன்யோசனை எந்தப் பரிந்துரையாளருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் இயற்கை அன்னைக்கே அத்தகுதியை அறிவித்திருப்பதால், தென்மாவட்டத்துப் பரிந்துரையாளர்களுக்குச் சற்று வசதி உண்டு. ஆயினும் அன்னையின் அலுவலக முத்திரையை எங்கே பெறுவது என்பது தீர்க்கப்படாத கேள்வி.

வென்ற வழக்கைக் குறிப்பிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் எம்.சி. மேத்தா வாதாடினார், 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, தீங்கு நேருமா என்ற அறிவியல் ஐயத்தையே சாக்காக வைத்துத் தடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. மேத்தாவுக்கு 50,000 ரூபாய் வழங்குமாறு தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டது. எதிர்த்தரப்பிடமிருந்தே கட்டணம் பெறும் பேறு வழக்கறிஞர்களில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் தீர்ப்பு அது. ஆறுதான் அதைப் படிக்கவில்லை. 2025 ஜனவரியில் அதே தோல் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் நீண்ட தீர்ப்பொன்றை எழுத நேர்ந்தது. எனவே அனுபவமுள்ள பரிந்துரையாளர் 'ஆற்றைக் காப்பாற்றினார்' என்று எழுதுவதில்லை. 'ஆற்றைக் குறித்த நீதியியலை வளப்படுத்தினார்' என்று எழுதுகிறார். இந்த இரண்டு தொடர்களுக்கும் இடையிலான தூரம், இதை எழுதுபவரின் கணிப்பில், பாலாற்றின் நீளத்தைவிடச் சற்று அதிகம்.

மேத்தா 1996-இல் கோல்ட்மேன் பரிசையும் 1997-இல் மகசேசே விருதையும் 2016-இல் பத்மஸ்ரீயையும் பெற்றதைக் கவனிப்பவர்கள், விருதுகளும் மந்தையாக மேய்பவை என்று முடிவுகட்டலாம். அவர் விஷயத்தில் உழைப்பும் அந்த அளவுக்கு இருந்தது; தாஜ்மகாலுக்காகவும் கங்கைக்காகவும் தில்லியின் காற்றுக்காகவும் அவர் தொடுத்தவை எல்லாம் 'எம்.சி. மேத்தா எதிர் இந்திய ஒன்றியம்' என்ற ஒரே பெயரில் வரிசையாக நிற்பதால், எந்த மேத்தா வழக்கு என்று சொல்லாமல் அவரைப் பாராட்டுவதுகூடக் கடினம். சாதாரண வழக்கறிஞரின் சிக்கல் வேறு. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் என்ற பெயர், ஆலையை நிறுத்தியவருக்கும் அதே ஆலைக்கு அனுமதி வாங்கித் தந்தவருக்கும் பொதுவானது, ஆட்டின் உடலமைப்பைக் கால்நடை மருத்துவரும் கசாப்புக்கடைக்காரரும் ஒருங்கே அறிந்திருப்பதைப் போல. இருவரும் ஒரே பிரிவில் பரிந்துரைக்கப்படும்போது நடுவர் குழு திகைத்து, இருவரிடமும் பகை இல்லாத மூன்றாமவரான ஒரு பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கிறது.

கடைசி நாள் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. வாழ்நாள் முழுவதும் வாய்தா கேட்டுப் பழகிய ஒரு துறை, பரிந்துரைக்கும் கடைசி நாளையும் முதல் கேட்புத் தேதியாகவே கருதும்.

இறுதி இணைப்பு புகைப்படம். 'பணிக்கு முன்', 'பணிக்குப் பின்' என்று இரண்டு கேட்கப்படுவதால், பரிந்துரையாளர் கல்குவாரி வராத அந்த மலைக்கே ஆள் அனுப்பிப் படம் எடுத்து, பழைய படத்தோடு சேர்த்து அனுப்புகிறார். சில வாரங்களில் விருது அலுவலகத்திலிருந்து, ஒரே படம் தவறுதலாக இருமுறை இணைக்கப்பட்டுள்ளதாகவும், சரியான படத்தை ஏழு நாட்களுக்குள் அனுப்பத் தவறினால் பரிந்துரை நிராகரிக்கப்படும் என்றும் பதில் வருகிறது. இரண்டாம் படத்தில் அடிவாரத்தில் மேயும் ஆடுகள் நான்கு கூடுதல் என்பதைச் சுட்டி விளக்கக் கடிதம் எழுதப் பரிந்துரையாளர் உட்காருகிறார். அதற்கு இரண்டு வார வாய்தாவும் கேட்கிறார்.